திரையரங்குக்கு வெளியே நிரம்பும் கல்லாப்பெட்டி: சுப்பர் ஹீரோ படங்களின் உண்மையான இலாபக் கணக்கு

2019 ஏப்ரலில் வெளியான 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகத் திரையரங்குகளில் ஏறத்தாழ 2.8 பில்லியன் அமெரிக்க டொலர் வசூலித்தது. இப்படியான எண்களைச் செய்திகளில் பார்க்கும்போது, அவ்வளவு பணமும் தயாரித்த நிறுவனத்தின் பையில் விழுந்துவிட்டதாகவே பலரும் எண்ணுகிறார்கள். வேறொரு படம் 200 மில்லியன் மட்டும் வசூலித்தால் 'அந்த நிறுவனம் இனி எழும்பாது' என்கிறார்கள். இரண்டு எண்ணமும் பிழை. வசூல் என்பது வரவுப் பக்கத்தின் முதல் வரி மட்டுமே. அதற்குக் கீழே இன்னும் பல வரிகள் உண்டு. அவற்றில் சிலவற்றை ஒவ்வொரு மாதமும் நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான்: பிள்ளையின் பாடசாலைப் பை, தண்ணீர்ப் போத்தல், கட்டில் விரிப்பு, பிறந்தநாள் கேக்கின் மேல் நிற்கும் பொம்மை, மாதக் கட்டணத்தில் ஓடும் இணையவழித் திரை, கோடை விடுமுறையில் போகும் கேளிக்கைப் பூங்கா.

இந்தப் பணம் எந்த வழியால் போகிறது, யாருக்குப் போகிறது, யாருக்குப் போகாமல் விடுகிறது என்பதை வெளிப்படையாகக் கிடைக்கும் தகவல்களை வைத்து ஒழுங்காகப் பார்ப்போம்.

வசூலில் தயாரிப்பாளருக்கு வருவது எவ்வளவு?

நீங்கள் வாங்கும் ரிக்கெற்றில் ஒரு பங்கு திரையரங்குக்காரருக்குப் போகிறது. பொதுவாகச் சொன்னால் அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதியும், பிற நாடுகளில் 40 வீதம் அளவும் படநிறுவனத்துக்கு வரும். சீனாவில் 2012இல் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி வருமானப் பங்கீட்டு முறையில் இறக்குமதியாகும் படங்களுக்கு 25 வீதம்தான்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது எந்தவொரு உண்மைப் படத்தினதும் கணக்கல்ல. தயாரிப்புச் செலவு 200 மில்லியன் டொலர், உலக விளம்பரச் செலவு 120 மில்லியன், மொத்தம் 320 மில்லியன். வசூல் 500 மில்லியன் என்று வைப்போம்: அமெரிக்காவில் 200, சீனாவில் 50, ஏனைய நாடுகளில் 250. படநிறுவனத்தின் பங்கு முறையே 100, 12.5, 100. கூட்டினால் 212.5 மில்லியன். அதாவது அரை பில்லியன் வசூலித்த 'வெற்றிப்படம்', திரையரங்கை விட்டு இறங்கும்போது 107.5 மில்லியன் குறையில் நிற்கிறது.

செலவைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு வசூலித்தால்தான் படம் திரையரங்கிலேயே தன் காலில் நிற்கும் என்று ஹொலிவூட்டில் சொல்வதன் காரணம் இதுதான். அந்த அளவைத் தொடாத படங்களையும் நிறுவனங்கள் விடாமல் எடுப்பதற்குக் காரணம், மீதிப் பள்ளத்தை நிரப்ப வேறு வாய்க்கால்கள் இருப்பது.

மார்வெலின் வங்குரோத்தும் மீட்சியும்

அந்த வாய்க்கால்களைப் புரிந்துகொள்ள மார்வெல் நிறுவனத்தின் கதையை விடச் சிறந்த பாடம் இல்லை. சித்திரக்கதைப் புத்தகங்கள் வெளியிட்டு வந்த இந்த நிறுவனத்தை 1989இல் றொனால்ட் பெரல்மன் என்ற முதலீட்டாளர் 82.5 மில்லியன் டொலருக்கு வாங்கினார். கடன் மேல் கடன் வாங்கி வேறு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டார். சித்திரக்கதை, சேகரிப்பு அட்டைச் சந்தை சரிந்ததும் கடனைத் தாங்க முடியவில்லை. 1996 டிசெம்பரில் மார்வெல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 1998இல் அதைக் கைப்பற்றியது 'ரோய் பிஸ்' என்ற விளையாட்டுச்சாமான் நிறுவனம். பொம்மை விற்பவர்கள் கையில் போனதால், கதாபாத்திரத்தைக் கதையாக மட்டுமன்றிச் சரக்காகவும் பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

கையில் காசு இல்லாத அக்காலத்தில் மார்வெல் தன் பாத்திரங்களின் பட உரிமையைத் துண்டு துண்டாக விற்றது. எக்ஸ்மென் பொக்ஸ் நிறுவனத்துக்கும், ஸ்பைடர்மேன் சோனிக்கும் போயின. சோனி ஸ்பைடர்மேனுக்காக ஏறத்தாழ 10 மில்லியன் டொலரும் பட வருமானத்தில் 5 வீதமும் கொடுக்க ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் விபரங்கள் வெளிவந்தன. 2002இல் வந்த முதல் ஸ்பைடர்மேன் படம் 820 மில்லியனுக்கு மேல் வசூலித்தது. விற்றவர்கள் பெற்றதையும் வாங்கியவர்கள் பெற்றதையும் ஒப்பிட்டால், அவசரத்துக்கு வளவை ஈடுவைத்து மீட்க முடியாமல் போனவரின் நிலைதான்.

2005இல் மார்வெல் பாதையை மாற்றியது. மெரில் லிஞ்ச் வங்கியிடமிருந்து 525 மில்லியன் டொலர் வரையான கடன் வசதியைப் பெற்றுத் தானே படம் எடுக்க முடிவு செய்தது. பிணையாக வைத்தது காணியோ கட்டடமோ அல்ல. கப்டன் அமெரிக்கா, பிளாக் பாந்தர், டொக்டர் ஸ்ட்ரேஞ்ச் உள்ளிட்ட 10 பாத்திரங்களின் பட உரிமை. படங்கள் தோற்றால் அந்த உரிமைகள் கடன் கொடுத்தவர்களுக்குப் போயிருக்கும். ஆனால் பொம்மை, உடுப்பு, பை போன்றவற்றிலிருந்து வரும் பணத்தை மார்வெல் தன்னிடமே வைத்துக்கொண்டது. படம் சுமாராக ஓடினாலும் பொம்மை விற்கும் என்பது அவர்களின் கணக்கு.

2008 மே மாதம் 'அயன் மான்' வந்து 585 மில்லியன் வசூலித்தது. அந்த ஆண்டின் மார்வெல் ஆண்டறிக்கையைப் பார்த்தால் ஒரு சங்கதி விளங்கும். மொத்த வருமானம் 676 மில்லியன் டொலர். அதில் படத் தயாரிப்பால் வந்தது ஏறத்தாழ 255 மில்லியன். உரிமம் கொடுத்து வந்தது ஏறத்தாழ 293 மில்லியன். மார்வெல் தானே எடுத்த படம் உலகெங்கும் வெற்றிகரமாக ஓடிய ஆண்டிலும், உரிமம் கொடுத்து வந்த பணமே பெரிது. படத்துக்குச் செலவு பெரிது. உரிமத்துக்குச் செலவு மிகச் சிறிது. எனவே இலாப விகிதத்தில் இடைவெளி இன்னும் கூட.

2009 ஓகஸ்ட் 31 அன்று டிஸ்னி, மார்வெலை ஏறத்தாழ 4 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. விலை அதிகம் என்று அப்போது பலர் சொன்னார்கள். வணிகம் படித்தவர்களுக்கு இதில் ஒரு சுவையான விடயம் உண்டு. நிறுவனம் தானே உருவாக்கி வளர்த்த பெயரின் மதிப்பு அதன் ஐந்தொகையில் சொத்தாக ஏறாது. இன்னொருவர் விலைகொடுத்து வாங்கும்போதுதான் அது புலனாகாச் சொத்தாகவும் நன்மதிப்பாகவும் வாங்கியவரின் ஐந்தொகையில் எழுதப்படும். 1960களில் மேசையில் குனிந்திருந்து வரைந்தவர்களின் உழைப்பு, அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு நிறுவனத்தின் ஐந்தொகையில் பில்லியன் கணக்கில் ஏறியது.

உரிமைத்தொகை: பொருள் செய்யாமல் வரும் பணம்

டிஸ்னியோ வோர்னர் பிரதர்ஸோ பாடசாலைப் பை தைப்பதில்லை. பை தைக்கும் நிறுவனம் படத்தையும் பெயரையும் போடுவதற்கு அனுமதி பெற்று, விற்பனையில் ஒரு வீதத்தை உரிமைத்தொகையாகக் கொடுக்கிறது. பெரும்பாலும் மொத்த விற்பனை விலையில் 5 முதல் 15 வீதம் வரை இருக்கும். கடையில் 30 யூரோவுக்கு விற்கும் பையின் மொத்த விலை 15 யூரோ, உரிமைத்தொகை 10 வீதம் என்று வைத்தால், பாத்திரத்தின் சொந்தக்காரருக்கு ஒன்றரை யூரோ. துணி வாங்கும் செலவு, தையல் கூலி, கப்பல் கூலி, விற்காமல் தேங்கும் சரக்கு எல்லாம் மற்றவரின் தலையில்.

இதற்கு மேல் 'குறைந்தபட்ச உத்தரவாதம்' என்றொரு பிரிவும் ஒப்பந்தங்களில் உண்டு. பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு தொகை கொடுத்தே தீரவேண்டும். 2006 ஜனவரியில் ஹாஸ்ப்றோ நிறுவனம் மார்வெல் பொம்மைகள் செய்யும் உரிமைக்காக 205 மில்லியன் டொலர் உத்தரவாதத் தொகைக்கு ஒப்புக்கொண்டது. மார்வெல் தானே எடுத்த முதல் படம் வெளிவர இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'இந்தப் பாத்திரத்தின் பெயரில் இத்தனை பில்லியன் விற்பனை' என்று வரும் செய்திகள் பெரும்பாலும் கடைவிலையின் கூட்டுத்தொகை. லைசன்ஸ் குளோபல் சஞ்சிகையின் பட்டியலில் 2019ஆம் ஆண்டுக்கு டிஸ்னியின் அனுமதி பெற்ற பொருட்களின் கடை விற்பனை 54.7 பில்லியன் டொலர். மிக்கி மவுஸ், இளவரசிகள், ஸ்டார் வோர்ஸ் எல்லாம் சேர்ந்த எண் அது. டிஸ்னிக்கு வருவது அதில் ஒரு சிறு வீதமே. ஆனாலும் செலவு குறைந்த வருமானம் என்பதால் அந்தச் சிறு வீதத்தின் பெரும்பகுதி இலாபமாகவே நிற்கிறது.

எந்தப் பாத்திரம் அதிகம் விற்கிறது? உரிமச் சந்தையைக் கண்காணிக்கும் லைசன்ஸிங் லெற்றர் வெளியிட்ட 2013ஆம் ஆண்டுத் தரவின்படி, உலகக் கடை விற்பனையில் ஸ்பைடர்மேன் 1.3 பில்லியன் டொலர், பற்மேன் 494 மில்லியன், அவெஞ்சர்ஸ் 325 மில்லியன், சுப்பர்மேன் 277 மில்லியன். அந்த ஆண்டில் புதிய ஸ்பைடர்மேன் படமே வெளிவரவில்லை என்பதைக் கவனியுங்கள். படம் வராத ஆண்டிலும் பை விற்கிறது. முகம் முழுக்க மூடிய சிவப்பு நீல உடுப்புக்குள் எந்த நாட்டு, எந்த நிறப் பிள்ளையும் தன்னை வைத்துப் பார்க்கலாம் என்பதும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஒரு சொத்து, இரண்டு சொந்தக்காரர்

ஸ்பைடர்மேன் படங்களில் சோனியின் பெயரும் மார்வெலின் பெயரும் சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னாலுள்ள பங்குபிரிப்பு ஒரு நல்ல பாடம். 2011இல் சோனியிடம் இருந்த பொருள் விற்பனைப் பங்கை மார்வெல் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரே தடவையில் 175 மில்லியன் டொலரும், பின்னர் வரும் ஒவ்வொரு படத்துக்கும் 35 மில்லியன் வரையும் கொடுக்க ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. படத்தின் வசூல் சோனிக்கு, பொம்மையின் வருமானம் மார்வெலுக்கு என்று வளவு இரண்டாகப் பிரிந்தது.

அதன் பின் நடந்ததைப் பாருங்கள். 2015இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து புதிய ஸ்பைடர்மேன் படங்கள் எடுக்க உடன்பட்டன. சோனியின் படத்தை நல்லபடியாக எடுத்துக் கொடுப்பதற்கு மார்வெல் முன்வந்தது. வசூல் சோனிக்குப் போனாலும் படம் நன்றாக இருந்தால் பொம்மை விற்கும். அது மார்வெலின் வரவு. 2019இல் பங்கு பற்றிப் பிணக்கு வந்து பேச்சு முறிந்தது. சில வாரங்களில், டிஸ்னி செலவில் கால் பங்கு போட்டு இலாபத்தில் கால் பங்கு எடுப்பது என்ற ஏற்பாட்டுடன் மீண்டும் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. 2021 டிசெம்பரில் வந்த 'நோ வே ஹோம்' 1.9 பில்லியன் வசூலித்தது.

கணினி விளையாட்டு இன்னொரு கிளை. 2018இல் சோனியின் பிளேஸ்ரேசனுக்காக வெளியான ஸ்பைடர்மேன் விளையாட்டு 2020 நவம்பருக்குள் 20 மில்லியன் பிரதிகளைத் தாண்டியது. பட ரிக்கெற்றை விடப் பல மடங்கு விலையுள்ள பொருள் இது என்பதைப் பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விளம்பரக் கூட்டாளிகள்

படத்தில் கதாநாயகன் ஓட்டும் கார், பார்க்கும் கைக்கடிகாரம், நுழையும் உணவகம் எதுவும் பெரும்பாலும் தற்செயல் அல்ல. 2013இல் வந்த 'மான் ஒஃப் ஸ்டீல்' படத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட வணிகக் கூட்டாளிகள் சேர்ந்ததாகவும், அந்த ஒப்பந்தங்களின் மதிப்பு 160 மில்லியன் டொலர் அளவு என்றும் விளம்பரத்துறைச் செய்திகள் கூறின. இதில் ஒரு பகுதி காசாக வரும். பெரும்பகுதி, அந்த நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்தில் படத்தையும் சேர்த்துக் காட்டுவதாக வரும். கைக்கு வராத பணமானாலும், தான் செய்யவேண்டிய விளம்பரத்தை இன்னொருவர் செய்தால் அது செலவு மிச்சம்.

பூங்காக்கள்

ஐரோப்பாவில் வாழும் எமது குடும்பங்களில் பாரிஸ் டிஸ்னிலாந்துக்கு ஒரு தடவையாவது போகாதவர்கள் குறைவு. 2022 யூலை 20 அன்று அங்கே இரண்டாவது பூங்காவில் 'அவெஞ்சர்ஸ் கம்பஸ்' திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு யூனில் கலிபோர்ணியாவிலும், 2017இல் ஹொங்கொங்கில் அயன் மான் பெயரிலான சவாரியும் திறக்கப்பட்டன.

ஆனால் புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் ஸ்பைடர்மேனையோ அயன் மானையோ வைத்து ஒரு சவாரி காண முடியாது. காரணம் 1994இல், டிஸ்னி வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மார்வெல் யூனிவர்சல் தரப்புடன் செய்த ஒப்பந்தம். 1999இல் ஒர்லாண்டோவில் திறந்த யூனிவர்சல் பூங்காவில் மார்வெல் வீரர்களுக்கென ஒரு பகுதியே உண்டு. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, அங்கு பயன்படும் பாத்திரங்களை டிஸ்னி தன் பூங்காவில் வைக்க முடியாது. சொத்தை வாங்கியவர் குத்தகைக்காரரை எழுப்ப முடியாத நிலை. அதேவேளை அந்தக் குத்தகைப் பணமும் டிஸ்னியின் மார்வெலுக்கே வருகிறது.

பூங்காவின் முக்கியத்துவத்தை டிஸ்னியின் 2024 நிதியாண்டுக் கணக்கு காட்டும். பூங்காக்கள், கப்பல் சுற்றுலா, பொருள் உரிமம் ஆகியவை சேர்ந்த பிரிவின் செயற்பாட்டு இலாபம் ஏறத்தாழ 9.3 பில்லியன் டொலர். படம், தொலைக்காட்சி, இணைய ஒளிபரப்பு சேர்ந்த பொழுதுபோக்குப் பிரிவினது ஏறத்தாழ 3.9 பில்லியன். விளையாட்டு ஒளிபரப்பினது 2.4 பில்லியன். மூன்றையும் கூட்டினால் 15.6 பில்லியன், அதில் 60 வீதம் அளவு பூங்காவும் பொருளும் தருகின்றன. இது முழுவதும் சுப்பர் ஹீரோப் பணம் அல்ல. ஆனால் படம் ஏன் எடுக்கப்படுகிறது என்ற கேள்விக்கு இந்த மூன்று எண்களில் பதில் இருக்கிறது. படம் ஆசையை உண்டாக்குகிறது. பூங்காவும் கடையும் அந்த ஆசைக்கு விலை வாங்குகின்றன.

வீட்டுத்திரை: வரவும் செலவும்

ஒரு காலத்தில் திரையரங்குக்கு அடுத்த பெரிய வரவு டிவிடி. 2000களின் நடுப்பகுதிக்குப் பின் அது தேய்ந்தது. அதன் இடத்தைக் கட்டணத் தொலைக்காட்சியும் இணையவழி ஒளிபரப்பும் பிடித்தன. சோனி தன் படங்களை நெற்பிளிக்ஸ் போன்றவர்களுக்கு விற்கிறது. அது தெளிவான வரவு. டிஸ்னி 2019 நவம்பரில் தன் சொந்தச் சேவையை ஆரம்பித்தது. இடது கையிலிருந்து வலது கைக்குப் படத்தைக் கொடுத்தால் 'வருமானம்' எவ்வளவு என்று யார் சொல்வது? ஒரு குடும்பம் மாதக் கட்டணம் கட்டுவது மார்வெலுக்காகவா, சின்னப்பிள்ளையின் கார்ட்டூனுக்காகவா என்று பிரித்தெழுத எந்தக் கணக்காளராலும் முடியாது.

இந்தக் குழப்பம் 2021இல் நீதிமன்றம் வரை போனது. 'பிளாக் விடோ' படம் திரையரங்கிலும், 30 டொலர் மேலதிகக் கட்டணத்துடன் வீட்டுத்திரையிலும் ஒரே நாளில் வந்தது. தன் ஊதியத்தில் ஒரு பகுதி திரையரங்கு வசூலில் தங்கியிருந்ததால் தனக்கு இழப்பு என்று நடிகை ஸ்கார்லெற் ஜொஹான்சன் டிஸ்னி மீது வழக்குத் தொடுத்தார். இரண்டு மாதத்தில் சமரசமாக முடிந்தது. பணம் வேறு வாய்க்காலுக்கு மாறும்போது, பழைய வாய்க்காலைக் குறிப்பிட்டு ஒப்பந்தம் எழுதியவர் வெறுங்கையுடன் நிற்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சேவையை நிரப்பத் தொடர்கள் வரிசையாக எடுக்கப்பட்டன. சந்தாதாரர் கூடினாலும் 2022 நிதியாண்டில் டிஸ்னியின் இணைய ஒளிபரப்புப் பிரிவு ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் செயற்பாட்டு நட்டம் கண்டது. அதன் சேவைகள் அனைத்தும் சேர்ந்து முதன்முதலில் இலாபம் காட்டியது 2024இன் ஏப்ரல் முதல் யூன் வரையான காலாண்டில்.

வரி கட்டுவோர் தரும் பங்கு

இன்னொரு வரவு, நாங்கள் வாழும் நாடுகளின் அரசிடமிருந்து வருகிறது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம் அங்கு செலவிடும் தொகையில் 20 வீதத்தை வரிச்சலுகையாகக் கொடுக்கிறது. மாநிலச் சின்னத்தைப் படத்தில் காட்டினால் மேலும் 10 வீதம். அந்தச் சலுகையை மற்றவருக்கு விற்கவும் முடியும். 'எண்ட்கேம்', 'பிளாக் பாந்தர்' போன்றவை அங்கே படமாக்கப்பட்டதில் வியப்பில்லை.

பிரித்தானியாவும் தகுதியான படச்செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்காகப் பெரும்பாலும் ஒவ்வொரு படத்துக்கும் தனி நிறுவனம் பதிவாகும். அதன் ஆண்டுக் கணக்குகள் பிரித்தானியக் கம்பனிப் பதிவகத்தின் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும். பட்ஜெட் பற்றி வரும் வதந்திகளை விட அந்தக் கணக்குகள் நம்பத்தக்கவை. வணிகம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒன்றை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

'தேறிய இலாபம்' என்ற மாயமான்

இவ்வளவு பணம் ஓடும் இடத்தில் படைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன?

சுப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்ரரும் 1938இல் அந்த உரிமையை 130 டொலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். சுப்பர்மேன் பெரும் படமாக எடுக்கப்படவிருந்த வேளையில், 1975 இறுதியில், ஊடகங்கள் அவர்களின் வறுமையை வெளிக்கொணர்ந்த பின்னரே, ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியமும் பெயர்க் குறிப்பும் கொடுக்க வோர்னர் முன்வந்தது. அந்த 130 டொலரும் உள்ளடங்கிய பழைய காசோலை மட்டும் 2012இல் ஏலத்தில் 160,000 டொலருக்குப் போனது.

ஸ்ரான் லீக்கு 1998 ஒப்பந்தத்தின்படி படம், தொலைக்காட்சி இலாபத்தில் 10 வீதம் வரவேண்டும். ஸ்பைடர்மேன் உலகெங்கும் ஓடியும் தனக்கு வரவில்லை என்று 2002இல் அவர் வழக்குப் போட்டார். 2005இல் மார்வெல் 10 மில்லியன் டொலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

இதைவிடத் தெளிவான பாடம் 1989இன் 'பற்மேன்'. வசூல் 411 மில்லியன் டொலர். ஆனால் வோர்னர் தயாரித்த பங்குதாரர் கணக்கில் அந்தப் படம் ஏறத்தாழ 36 மில்லியன் பற்றாக்குறையில் இருப்பதாகக் காட்டப்பட்டது. விநியோகக் கட்டணம், விளம்பரம், நிர்வாக மேற்செலவு, வட்டி என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் தேறுவது பூச்சியத்துக்கும் கீழே. பற்மேனின் பட உரிமையை 1979இலேயே வாங்கிவைத்துப் பத்தாண்டு காத்திருந்த மைக்கல் உஸ்லானும் பெஞ்சமின் மெல்னிக்கரும் தேறிய இலாபத்தில் பங்கு என்று கையெழுத்திட்டவர்கள். வழக்குப் போட்டும் அவர்கள் வெல்லவில்லை. அதே படத்தில் ஜோக்கராக நடித்த ஜக் நிக்கல்சன் மொத்த வருமானத்திலும் பொருள் விற்பனையிலும் வீதம் கேட்டு வாங்கியவர். அவருக்குக் கிடைத்தது 50 மில்லியனைத் தாண்டியதாகச் சொல்லப்படுகிறது. ஒரே படம், ஒரே கணக்குப் புத்தகம். ஒப்பந்தத்தில் 'மொத்த' என்றும் 'தேறிய' என்றும் இருந்த ஒரு சொல்தான் வேறுபாடு.

வாய்க்கால் வற்றும்போது

இந்த வருமானம் என்றும் குறையாதது என்று எண்ணவேண்டாம். 2023இல் 'த மார்வெல்ஸ்' 206 மில்லியனும், 2024இல் இரண்டாவது 'ஜோக்கர்' அதற்கு அண்மித்த தொகையும் மட்டுமே வசூலித்தன. முதலாவது 'ஜோக்கர்' மிகக் குறைந்த செலவில் ஒரு பில்லியன் தாண்டியது. அளவுக்கு மீறிய தொடர்களால் பார்ப்போர் சலித்துவிட்டதை டிஸ்னித் தலைவர் பொப் ஐகரே ஏற்று, ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று மார்வெல் படம் மட்டும் என்று 2024இல் குறைத்தார். 2022 ஓகஸ்ட்டில் வோர்னர் 90 மில்லியன் டொலர் அளவு செலவிட்ட 'பற்கேர்ள்' படத்தை வெளியிடாமலே ஒதுக்கியது. வெளியிட்டு விளம்பரத்துக்கு மேலும் செலவிடுவதை விட, செலவைப் பதிவழித்து வரிக்குரிய வருமானத்தைக் குறைப்பது இலாபம் என்று கணக்குப் பார்க்கப்பட்டது.

பதிப்புரிமைக்கும் முடிவு உண்டு. 1938இன் முதல் சுப்பர்மேன் கதை 2034 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவுடைமையாகும், பற்மேன் 2035இல். சின்னங்கள் வியாபாரக்குறிச் சட்டத்தின் கீழ் தொடர்ந்தும் பாதுகாக்கப்படும். ஸ்பைடர்மேனுக்கு 2058 வரை காலம் இருக்கிறது.

எமக்கு இதில் என்ன?

மூன்று விடயங்கள் என் கண்ணுக்குப் படுகின்றன.

முதலாவது, வீட்டுச் செலவு. ஒரு படத்துக்காக ஒரு குடும்பம் கொடுப்பது ரிக்கெற் காசு மட்டுமல்ல. பை, உடுப்பு, விளையாட்டு, மாதக் கட்டணம், பூங்கா எல்லாவற்றையும் ஒரு ஆண்டுக்கு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வேண்டாம் என்பதற்காக அல்ல. பிள்ளைகளின் சந்தோசத்துக்கும் விலை உண்டு. ஆனால் அந்த விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுப்பது நல்லது. அதே சாதாரணப் பைக்கும் படம் போட்ட பைக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பிள்ளைக்கே காட்டினால், பாடசாலையில் கிடைக்காத ஒரு வணிகப் பாடம் கிடைக்கும்.

இரண்டாவது, எம்மவர்களின் முதலீடு. புலம்பெயர் நாடுகளில் தமிழ்ப் படங்களின் வெளிநாட்டு உரிமையை வாங்கித் திரையிடுவோரும், சிறு படங்களுக்குப் பணம் போடுவோரும் எம்மிடையே இருக்கிறார்கள். வெளிநாட்டுத் திரையரங்கு உரிமையை முழுத்தொகை கொடுத்து வாங்குபவர் நட்டத்தை முழுதாகச் சுமக்கிறார். தொலைக்காட்சி, இணையம், பாடல் உரிமைகள் மற்றவரிடம் இருந்தால், படம் பின்னர் அங்கே உழைப்பதில் அவருக்குப் பங்கில்லை. எந்த வாய்க்கால் எனக்கு, எது எனக்கில்லை, பங்கு மொத்தத்திலா தேறியதிலா, கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டா என்ற கேள்விகளைக் கையெழுத்துக்கு முன் கேட்கவேண்டும். நட்பும் ஊரும் உறவும் ஒப்பந்தத்துக்குப் பதிலாகா.

மூன்றாவதுதான் முக்கியம். வரைகலை, கணினி விளையாட்டு, இசை, எழுத்து என்று எங்கள் பிள்ளைகள் பலர் இன்று போகிறார்கள். முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சியில், வந்த தாளில் கையெழுத்து வைப்பது இயல்பு. சீகலும் ஷுஸ்ரரும் அப்போது இருபது வயதுகளில் இருந்த, குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 130 டொலர் அன்று அவர்களுக்குப் பெரிய காசு. சம்பளத்துக்கு வேலை செய்து உருவாக்கியது பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தம், அது சட்டம். ஆனால் வீட்டு மேசையில், சொந்த நேரத்தில் வரைந்த பாத்திரத்தை விற்பதா, குறித்த காலத்துக்கு மட்டும் பாவிக்க விடுவதா என்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. அந்தத் தாளை ஒரு சட்டத்தரணிக்குக் காட்ட ஆகும் சில நூறு யூரோவைப் பெற்றோர் செலவென்று பார்க்கவேண்டாம். அந்தக் காசைக் கொடுக்க ஆளில்லாமல் போன இரண்டு இளைஞர்களின் பெயர், அவர்கள் படைத்தவனின் படத்தில் வருவதற்கே நாற்பது ஆண்டு எடுத்தது.